வீட்டு லேத்தை சிஎன்சி ஆக்கும் முன்: மரை வெட்டுவீர்களா?

மேசை மேல் வைக்கிற சின்ன லேத்தை (கடைசல் இயந்திரத்தை) சிஎன்சி, அதாவது கணினி ஓட்டுகிற இயந்திரம், ஆக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் மோட்டாரைத்தான் தேடுகிறார்கள். மோட்டாரில் பெரிய குழப்பமே இல்லை. நேமா 23 என்ற நிலையான அளவில் ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) இரண்டு, அவற்றை ஓட்டும் டிரைவர், ஒரு பவர் சப்ளை, அவ்வளவுதான். முதலில் முடிவு செய்ய வேண்டியது, அதில் மரை வெட்டப் போகிறீர்களா என்பதை.

மலிவான வழி அர்டுயினோ ஊனோ என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள். டர்னிங் (விட்டத்தைக் குறைப்பது), ஃபேசிங் (முகப்பைச் சமன் செய்வது), டேப்பர் (கூம்பு), வளைவு எல்லாம் செய்யும். ஆனால் வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் சக் இந்த நொடியில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. நானும் இதைப் போட்டுத்தான் ஆரம்பித்தேன். எம்12 போல்ட், 1.75 மி.மீ. பிட்ச் (ஒரு புரிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி), ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டு ஃபீட் (டூல் நகரும் வேகம்) கொடுத்தேன். முதல் வெட்டு அழகாக விழுந்தது. இரண்டாவது வெட்டு அதே பள்ளத்தில் இறங்காமல் பக்கத்தில் இறங்கி, நின்றிருந்த முகட்டைச் சீவிக்கொண்டே போய்விட்டது. மரை ஒரே வெட்டில் முடிகிற வேலை இல்லை, ஒவ்வொரு முறையும் டூல் அதே பள்ளத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், அதற்கு ஸ்பிண்டிலோடு ஒரு தொடர்பு இருந்தே ஆக வேண்டும்.

மாக் 3 என்ற விண்டோஸ் மென்பொருள் அந்தத் தொடர்பைத் தருகிறது, ஆனால் சுற்றுக்கு ஒரே ஒரு சிக்னல். பள்ளத்தின் தொடக்கம் கிடைத்துவிடும். டூல் இரும்பில் இறங்கியதும் சக்கைச் சுழற்றும் சின்ன மோட்டாரின் வேகம் சட்டென்று குறையுமே, அது மென்பொருளுக்கு அடுத்த சுற்றில்தான் தெரியவரும். போதாக்குறைக்கு, பாரலல் போர்ட் (பழைய பிரிண்டர் இணைப்பு) வழியாக ஓட்ட 32 பிட் விண்டோஸ் உள்ள பழைய கணினியைக் கட்டிக் காக்க வேண்டும்.

லினக்ஸ்சிஎன்சி மென்பொருள் இலவசம். ஸ்பிண்டிலில் என்கோடர் (கோணத்தை அளக்கும் உணரி) மாட்டிவிட்டால் மரைக்கு வேகத்தை நம்பாமல் கோணத்தையே பின்தொடர்கிறது, அதனால் நிமிடத்துக்கு 300 சுற்றில் ஓடும் சக் வெட்டும்போது 260க்கு இறங்கினாலும் லீட் ஸ்க்ரூவின் (டூலை நீளவாக்கில் நகர்த்தும் திருகின்) வேகமும் கூடவே இறங்கும், பிட்ச் மாறாது. ஜி76 என்ற மரை வெட்டும் கட்டளையை ஒரே வரியில் எழுதினால் ஆழத்தைப் பிரித்துப் பிரித்து அதுவே வெட்டி முடிக்கும். அமைப்பு கோப்புகளோடு சில நாள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அது உண்மை. ஆனாலும் லேத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, மரை மட்டும்தான் தேவை, மற்றதெல்லாம் கையால் செய்வதே பிடிக்கும் என்கிறீர்களா? அப்படியானால் எலக்ட்ரானிக் லீட் ஸ்க்ரூவே போதும். ஸ்பிண்டிலில் என்கோடர், லீட் ஸ்க்ரூவில் ஒரே ஒரு மோட்டார், நடுவில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர். கைப்பிடிகள் அப்படியே இருக்கும். பிட்ச் மாற்றும்போதெல்லாம் கியர்களைக் கழற்றி மாட்டுகிற வேலை ஒழிந்தது, பட்டனைத் தட்டினால் மெட்ரிக்கும் வரும், அங்குல மரையும் வரும். வளைவு மட்டும் வராது, கிராஸ் ஸ்லைடில் (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதியில்) மோட்டார் இல்லையே.

அப்புறம் ஸ்லைடை நகர்த்தும் திருகு. கிராஸ் ஸ்லைடில் 0.1 மி.மீ. ஆட்டம் (பேக்லாஷ்) இருந்தால் விட்டத்தில் அது 0.2 ஆகிவிடும். வளைவில் ஸ்லைடு திசை திரும்பும் இடத்தில் ஒரு சின்னப் படி நகத்துக்கே தட்டுப்படும். மென்பொருளில் பேக்லாஷைக் கூட்டிக் கழிக்கலாம், ஆனால் அது டூலை இறுக்கிப் பிடிக்காது. பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகு) போட்டால் இது தீரும். எளிதாகக் கிடைக்கும் 1605 ரகத்தின் (16 மி.மீ. திருகு) நட் மட்டுமே 28 மி.மீ. விட்டம், ஃபிளாஞ்ச் (அதன் விளிம்பு) 48. இந்த லேத்தின் சேடில் (கிராஸ் ஸ்லைடைத் தாங்கும் பகுதி) அடியில் அதற்கு இடம் கிடையாது, குடைந்தால் வார்ப்பு மெலிந்துபோகும். அதனால் நான் 12 மி.மீ. திருகு போட்டேன். ஒன்று கவனியுங்கள், பழைய திருகு விட்ட இடத்தில் நிற்கும், பால் ஸ்க்ரூ நிற்காது, மோட்டாரில் கரண்ட் இல்லாவிட்டால் டூலைத் தள்ளினாலே ஸ்லைடு பின்னால் நகரும். கைப்பிடியையும் வைத்துக்கொண்டு கையாலும் ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் பழைய திருகையே விட்டுவிட்டு, கிப்பை (ஸ்லைடின் தளர்வைச் சரிசெய்யும் பட்டையை) இறுக்கி, நட்டை மட்டும் புதிதாக மாற்றுங்கள்.