'ம' என்பது மாம்பழமா, மாம்பழத்தின் விலையா?

சேலத்து மாம்பழத்தையும் ஏற்காட்டு ஆரஞ்சையும் வைத்துப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் (எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்துச் செய்யும் கணக்கு) தொடங்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பழத்தின் பெயரைச் சுருக்குவது: ம மாம்பழம், ஆ ஆரஞ்சு. 3ம + 2ஆ + 4ம = 7ம + 2ஆ. ஒத்த உறுப்புகளை, அதாவது ஒரே எழுத்து உள்ளவற்றை, கூட்டுவது சட்டென்று பிடிபடும். வசதி அத்தோடு சரி. ம × ம வந்தால் மாம்பழத்தை மாம்பழத்தால் எப்படிப் பெருக்குவது?

மற்றொன்று, ம என்பதை ஒரு கிலோ மாம்பழத்தின் விலையாக, அதாவது ஓர் எண்ணாகக் கொள்வது. 3 கிலோ பழமும் 20 ரூபாய்க்கு ஒரு பையும் வாங்கினால் செலவு 3ம + 20. விலை ஏறி இறங்குவதால் ம என்பது 'மாறி'; அதைப் பெருக்கும் 3 'கெழு'; மாறாத 20 'மாறிலி'; 3ம + 20 முழுவதும் 'கோவை'. ம = 80 என்றால் மதிப்பு 260. 3ம + 20 = 260 என்று எழுதினால் அது சமன்பாடு; அங்கே ம 80 மட்டுமே.

பிள்ளைகள் அதிகம் தவறுவது 3ம + 20 = 23ம என்று சேர்ப்பதில். ம = 80 பிரதியிடச் சொல்லுங்கள்: ஒருபுறம் 260, மறுபுறம் 1840. பிழை தானே தெரியும். ம = 5 எனும்போது 3ம-ஐ 35 என்று எழுதுவோரும் உண்டு; பெருக்கல் குறி மறைந்திருப்பதே காரணம். சில நாட்கள் 3 × ம என்றே எழுத வையுங்கள். தனியே நிற்கும் ம-இன் கெழு 1, பூச்சியம் அல்ல.

முதல் நாளிலிருந்தே இரண்டாம் வழிதான் நல்லது. அதிலும் விலைக்கு ம வேண்டாம், க என்று வையுங்கள். மாம்பழத்தின் முதலெழுத்து மீண்டும் பழத்தையே நினைவூட்டும்.