இங்கினியாகலப் படகுச் சவாரி: நீந்துகிற யானையும் படுவான்கரை மாமியும்

"யானை பாக்கக் காசு குடுக்கிறதா மனே? பொழுதுபட்டா நம்மட வேலியடியில வந்து நிக்குமே!" என்று மாமி முதலில் வரவே மறுத்தா. அவ மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம். படுவான்கரைச் சனத்துக்கு யானை என்றால் மிதிபட்ட வேளாண்மை, இடிந்த குசினிச் சுவர், விடியவிடிய யானை வெடி. பிள்ளைகளின் கரைச்சல் தாங்காமல்தான் வானில் ஏறினா.

அந்த வானைப் பற்றி ஒரு சொல். விடியச்சாமம் மூன்று மணிக்குப் பேசி வைத்தது, நாலேகாலுக்கு வந்தது. டயர் காற்றுப் போயிற்றாம். கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை, அம்பாறை என்று ஓடி இங்கினியாகல போய்ச் சேர, வெயில் ஏறிவிட்டது. விடியற்காலைப் படகை நம்பிப் போகிறவர்கள் முதல்நாள் இரவே அம்பாறையில் தங்கிவிடுங்கள்.

இந்தச் சவாரி கல்லோயா தேசியப் பூங்காவுக்குள்; பூங்கா 1954 இல் அறிவிக்கப்பட்டது. நடுவில் சேனநாயக்க சமுத்திரம், நாட்டிலேயே பெரிய குளம். மற்றப் பூங்காக்களில் ஜீப்பில் புழுதி குடிப்போம், இங்கே படகு. நுழைவுச்சீட்டு வேறு, படகுக் காசு வேறு; ஐந்தாறு பேராகப் போனால் கையைக் கடிக்காது. சேலைக்கு மேல் செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கியைக் கட்டிக்கொண்டு மாமி இருந்த இருப்பைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், வெளியே விடமாட்டேன்.

முதல் முக்கால் மணித்தியாலம் யானை இல்லை. தண்ணிக்குள் நிற்கும் பட்டமரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தன. ஒரு முதலை வழுக்கி இறங்கியது. சின்னவன் கொட்டாவி விட்டான்.

பிறகு, தீவுக்கும் கரைக்கும் நடுவில் மூன்று கறுப்புக் கல். கல் நகர்ந்தது! படகுக்காரர் எஞ்சினை நிற்பாட்டினார். அப்போதுதான் சத்தம் கேட்டது: தும்பிக்கை நுனி ஒரு சாண் மேலே வந்து 'பூஸ்' என்று மூச்சு விடுகிறது, திரும்பத் தாழ்கிறது. நடுவில் குட்டி, அது தாழ்கிறபோதெல்லாம் பின்னால் வந்தது நெற்றியால் முட்டித் தள்ளியது. கோடையில் நீர் வற்ற, தீவுகளின் ஓரத்தில் பச்சைப் புல் முளைக்குமாம், அதைத் தேடித்தான் இந்த நீச்சல். கொம்பன் ஒன்றும் இல்லை. இலங்கை ஆண் யானைகளில் கொம்புள்ளது நூற்றுக்குப் பத்துக்கூடத் தேறாது.

யானைகள் கரையேறி உடம்பை உதறியபோது மாமி என் கையைப் பிடித்துக்கொண்டா. "எனக்கு இதுட முதுகும் டோர்ச் வெளிச்சத்துல மின்னுற கண்ணுந்தான் தெரியும் மனே. காது ஓரம் இப்பிடி ரோசாவா இருக்குமா?"

சின்ன வயதில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் யானையைக் கிட்டவே நின்று பார்த்திருக்கிறேன். இங்கே அந்த நெருக்கம் கிடையாது. என் போனில் விழுந்தது மூன்று சாம்பல் புள்ளி. பைனாகுலர் இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள், தொப்பியும். பங்குனிக்கும் ஆடிக்கும் இடையில் போனால் நீந்துகிற யானையைக் காண வாய்ப்பு அதிகம். படகில் மலசலகூடம் கிடையாது, ஏறமுன் பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள்.

அன்றிரவே மாமி தம்பிக்குக் கோல் எடுத்து, குட்டியை முட்டித் தள்ளிய கதையை அரை மணித்தியாலம் சொன்னா. சொல்லி முடித்த கையோடு, "யானை வேலிக்குக் கரண்ட் வந்துட்டாடா?" என்றும் கேட்டா.