சாக்ஸன்-எச்இ: ஒருமுறை கம்பைல் செய்தால் போதும்

நான் பராமரிக்கும் சேவைக்கு ஒரே வேலைதான்: வருகிற எக்ஸ்எம்எல் பில்லை எச்டிஎம்எல் ஆக்கித் தருவது. பில் என்னவோ சின்னதுதான், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் இழுத்தடித்தது. எதில் நேரம் போகிறது என்று காட்டும் ப்ரொஃபைலரைப் போட்டுப் பார்த்தேன். பில்லை மாற்றுவதற்கு நேரமே ஆகவில்லை. எப்படி மாற்ற வேண்டும் என்று எக்ஸ்எஸ்எல்டி மொழியில் சொல்லும் ஸ்டைல்ஷீட்டையும் அது இம்போர்ட் செய்யும் பதினோரு கோப்புகளையும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படித்து, எக்ஸ்பாத்களை (எக்ஸ்எம்எல்லுக்குள் எதை எடுப்பது என்று சொல்லும் கோவைகளை) அலசி, கம்பைல் செய்வதில்தான், அதாவது இயக்கத் தயாரான வடிவமாக்குவதில்தான், நேரமெல்லாம் கரைந்தது.

அப்போதுதான் எக்ஸ்எஸ்எல்டியை இயக்கும் சாக்ஸன் மென்பொருளின் இலவசப் பதிப்பான சாக்ஸன்-எச்இயில், எஸ்9ஏபிஐ என்ற அதன் ஜாவா இடைமுகத்துக்கு மாறினேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, கம்பைல் செய்வதையும் பில்லை மாற்றுவதையும் தனித்தனியாகப் பிரித்திருப்பது. கம்பைலர் தருவது ஒரு எக்சிகியூட்டபிள். உருவானபின் அது மாறாது, எத்தனை த்ரெட்கள் (இணையாக ஓடும் வேலைகள்) ஒன்றாகக் கைவைத்தாலும் கெடாது. அதிலிருந்து லோடு செய்யும், பில்லை உண்மையில் மாற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வேறு ரகம். பாராமீட்டர்கள் அதில்தான் இருக்கும், அதனால் த்ரெட்களுக்கிடையே பகிரக்கூடாது. ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாக எடுக்க வேண்டும், அதற்குச் செலவும் சொற்பம். ஜாவாவோடு வரும் எக்ஸ்எம்எல் இடைமுகமான ஜேஏஎக்ஸ்பியிலும் டெம்ப்ளேட்ஸ் என்று இதே வசதி உண்டு. ஆனால் அங்கே டிரான்ஸ்ஃபார்மர்களை உருவாக்கும் ஃபாக்டரியிடமே நேராக ஸ்டைல்ஷீட்டைக் கொடுத்து டிரான்ஸ்ஃபார்மரைக் கேட்டு வாங்கிவிடலாம்; அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் கம்பைல் நடக்கும். நான் மாட்டிக்கொண்டதும் அந்தக் குறுக்குவழியில்தான்.

எக்சிகியூட்டபிளைத் திரும்பப் பயன்படுத்த நினைவகத்தில், அதாவது கேஷில், வைப்பது மட்டும் நம் பொறுப்பு. நான் பல த்ரெட்களும் பகிரக்கூடிய ஜாவாவின் கன்கரன்ட்ஹேஷ்மேப்பில், சாவிக்கு மதிப்பு இல்லையென்றால் மட்டும் உருவாக்கும் கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட் போட்டிருக்கிறேன். ஒரே ஸ்டைல்ஷீட்டைக் கேட்டுப் பல த்ரெட்கள் ஒன்றாக வந்தாலும் கம்பைல் ஒருமுறைதான் நடக்கும். எக்ஸ்எஸ்எல்டி 3.0இன் ஸ்டாடிக் பாராமீட்டர் பயன்படுத்துகிறீர்களா? அதன் மதிப்பு கம்பைல் நேரத்திலேயே உள்ளே போய்விடும், ஆகவே கேஷ் சாவியில் அதையும் சேருங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், இதற்கு எனக்கு ஒரு முழு நாள் போனது. இம்போர்ட் ஆகும் கோப்பு ஒன்றில் வரித் தலைப்பைத் திருத்தினேன். பில்லில் பழைய தலைப்பே வந்தது. என் கேஷ் முதன்மைக் கோப்பின் தேதியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது கம்பைலருக்கு, அது கேட்கும் கோப்புகளைத் தேடித் தரும் என் சொந்த யூஆர்ஐ ரிசால்வரைக் கொடுத்து, கம்பைலின்போது அது கேட்கும் ஒவ்வொரு கோப்பையும் குறித்துக்கொள்கிறேன். அவற்றில் எதன் தேதி மாறினாலும் மறு கம்பைல்.

எச்இயில் ஒரு குறை உண்டு. கம்பைல் செய்ததை எஸ்இஎஃப் என்ற வடிவக் கோப்பாக வட்டில் எழுதிவைக்கச் சாக்ஸனின் கட்டணப் பதிப்பான இஇ வேண்டும். அதனால் சர்வர் கிளம்பும்போதே என் ஸ்டைல்ஷீட்களை எல்லாம் கம்பைல் செய்துவிட்டுத்தான் கோரிக்கைகளை உள்ளே விடுகிறேன்.