மாமா லேப்டாப்பும் சிக்செக் டூலும்: 4 ஸ்டார்

பெங்களூரு அல்சூர்ல இருக்கற மாமாக்கு எஸ்பி ரோட்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், கடைக்காரர் பென் டிரைவ குத்தி பிரிண்டர் டிரைவர்ல இருந்து பிடிஎஃப் ரீடர் வரைக்கும் கடகடன்னு ஏத்திட்டார், எங்க இருந்து எடுத்த ஃபைலுங்கன்னு கேட்டா "ஏனாகல்ல சார்"னு, ஒண்ணும் ஆகாதுன்னு, கன்னடத்துல சொல்லி சிரிக்கறார்.

வீட்டுக்கு வந்ததும் சிக்செக் எறக்குனேன். ஒரு ஃபைல்ல யாரோட டிஜிட்டல் கையெழுத்து இருக்கு, அது செல்லுமான்னு பாத்து சொல்ற டூல், மைக்ரோசாஃப்ட்டோட சிஸ்இன்டர்னல்ஸ்ங்கற டூல் தொகுப்புல ஓசில கெடைக்குது, இன்ஸ்டால் எல்லாம் கெடையாது, ஜிப்ப பிரிச்சு, கமாண்ட டைப் பண்ற கருப்பு ஸ்கிரீன் இருக்கே, அந்த கமாண்ட் பிராம்ப்ட்ல ஓட்ட வேண்டியதுதான். கடைக்காரர் டெஸ்க்டாப்லயே விட்டுட்டுப் போன செட்டப் ஃபைல ஒண்ணொண்ணா குடுத்தேன், பிரிண்டர் டிரைவர் மாட்டுச்சு. வெரிஃபைடுங்கற வரில "சைன்டு"ன்னு ஜம்முனு இருக்கு, கம்பெனிங்கற வரில பிரிண்டர் கம்பெனி பேரு, ஆனா அதுக்கு மேல பப்ளிஷர்னு இருக்கற வரில கேள்வியே படாத வேற ஏதோ பேரு! இந்த ரெண்டு வரியையும் பக்கத்துல பக்கத்துல காட்டுது பாருங்க, அதுக்கே மூணு ஸ்டார் குடுக்கலாம். கம்பெனி பேரு ஃபைல் பண்றவன் இஷ்டத்துக்கு எழுதிக்கறது, நான்கூட பிரதமர் ஆபீஸ்னு போட்டுக்கலாம். பப்ளிஷர் பேரு கையெழுத்து போடறதுக்கு வாங்கற சர்டிபிகேட்ல இருந்து வருது, அத ஆளு யாருன்னு விசாரிச்சுட்டுதான் குடுப்பாங்க.

ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போனா டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்னு டேப் இருக்கே, அது போதாதா? ஒரு ஃபைலுக்கு தாராளமா போதும், மாமாக்கு அதத்தான் சொல்லிக் குடுத்தேன். ஆனா விண்டோஸ் 10 நோட்பேட்ல அந்த டேபே இருக்காது, மொத தடவ பாத்தப்போ நோட்பேடே வைரஸ்னு பதறிட்டேன், அதோட கையெழுத்து ஃபைலுக்குள்ள இல்லாம, தனியா கேட்டலாக்னு வேற ஒரு ஃபைல்ல இருக்கு, சிக்செக் அதையும் தேடிப் பாத்து சொல்லிடுது. கமாண்ட்ல மைனஸ் யூ, மைனஸ் ஈ (-u -e) போட்டா ஒரு ஃபோல்டர்ல கையெழுத்து இல்லாத புரோகிராம் மட்டும் வரும். மைனஸ் வி (-v) போட்டா ஃபைலோட ஹேஷ, அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு கோட, வைரஸ்டோட்டல்ங்கற வைரஸ் செக் பண்ற சைட்ல கேட்டு சொல்லும்.

கையெழுத்து இருந்தா கண்ண மூடிட்டு நம்பலாமான்னா அதுவும் இல்ல. 2017ல சிசிகிளீனர்ங்கற கம்ப்யூட்டர் க்ளீன் பண்ற புரோகிராமோட 5.33 வெர்ஷனுக்குள்ள மால்வேர் பூந்தப்போ அதுல கம்பெனியோட நிஜ கையெழுத்தே இருந்துச்சு, 2010ல மாட்டுன ஸ்டக்ஸ்நெட்ங்கற மால்வேர் ரியல்டெக்ங்கற சிப் கம்பெனியோட சர்டிபிகேட்டயே திருடி போட்டுக்கிட்டு வந்த ஆளு. கையெழுத்து இல்லாததெல்லாம் திருட்டுன்னும் சொல்ல முடியாது, சின்ன டெவலப்பர் பாவம், சர்டிபிகேட்டுக்கு காசு கட்டணுமே.

ஒரு ஸ்டார் கொறச்சது அந்த கருப்பு ஸ்கிரீனுக்கு. மாமா எட்டிப் பாத்துட்டு "என்ன மாப்ள, ரிசர்வேஷன் சார்ட் மாதிரி இருக்கு"ன்னார். பழைய டிரைவர தூக்கிட்டு பிரிண்டர் கம்பெனி சைட்ல இருந்தே புதுசா எறக்குனேன், இந்த தடவ ரெண்டு வரிலயும் ஒரே பேரு, மாமா மொதல்ல பிரிண்ட் எடுத்தது பெஸ்காம் கரண்ட் பில்லு.