லைப்ரரிக்கு எந்த உரிமம்: அப்பாச்சியா, எல்ஜிபிஎல்லா?

நான் பராமரிக்கும் ஒரு சிறிய லைப்ரரிக்கு (மற்ற மென்பொருள்கள் தங்களுக்குள் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) திறந்தமூல உரிமம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு: தளர்வான பக்கத்தில் அப்பாச்சி 2.0, கட்டுப்பாடுள்ள பக்கத்தில் எல்ஜிபிஎல். நான் அப்பாச்சியை எடுத்தேன். அதனால் இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி போன்ற தளர்வான உரிமங்களில், பெயரையும் உரிமக் குறிப்பையும் அழிக்காமல் வைத்துக்கொண்டால் நிரலை வெளியிடாத மூடிய மென்பொருளுக்குள்ளும் லைப்ரரியைக் கொண்டுபோகலாம். ஜிபிஎல் லைப்ரரியைச் சேர்த்து வெளியிட்டால் மொத்த மென்பொருளும் ஜிபிஎல் விதிக்குள் வரவேண்டும், அதாவது அதன் நிரலையும் திறந்து கொடுக்க வேண்டும். எல்ஜிபிஎல் இடையில் நிற்கிறது: லைப்ரரியில் செய்த மாற்றங்களைக் கொடு, உன் சொந்த நிரல் உன்னிடமே இருக்கட்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்ஜிபிஎல் இன்னொன்றும் கேட்கிறது. பயனர் விரும்பினால் லைப்ரரியின் மாற்றிய பதிப்பைப் பொருத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும். லைப்ரரி தனிக் கோப்பாக இருந்து ஓடும்போது இணையும் டைனமிக் லிங்கிங் என்றால் இது தானாகவே நடந்துவிடும். கோ, ரஸ்ட் நிரல்மொழிகள் மாதிரி எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும் இடங்களில் தலைவலி. பயன்படுத்துபவரின் நிரலுக்குள்ளேயே கலந்துவிடும் சி++ டெம்ப்ளேட் லைப்ரரிகளுக்கும் இதே சங்கடம் உண்டு. ஐகன் என்ற கணித லைப்ரரி 2012இல் எல்ஜிபிஎல்லை விட்டு எம்பிஎல் 2.0 என்ற மொசில்லா உரிமத்துக்குப் போனது. எம்பிஎல் கோப்பு அளவில் மட்டும் கட்டுப்படுத்துகிறது (மாற்றிய கோப்புகளைத் திறந்து கொடுத்தால் போதும்), எப்படி லிங்க் செய்தாய் என்று கேட்பதில்லை. கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களுக்கு இன்று நான் சொல்வது எம்பிஎல்லைத்தான்.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது இதுவல்ல. பின்னால் மனம் மாறினால் என்ன ஆகும் என்ற கேள்விதான். தளர்வான உரிமத்தில் வந்த நிரலை நாளைக்கே ஜிபிஎல் திட்டத்துக்குள் வைத்து, அடுத்த பதிப்பிலிருந்து இறுக்கிவிடலாம். பங்களித்தவர்களின் பழைய குறிப்புகளைக் காப்பாற்றினால் போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தளர்த்துவது அப்படியில்லை. நிரலில் கைவைத்த ஒவ்வொருவரும் அவரவர் வரிகளுக்கு உரிமையாளர். அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காதவர், கண்டுபிடிக்கவே முடியாதவர் எழுதியதைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

வீடியோ பிளேயரான விஎல்சியின் மையமான லிப்விஎல்சியை ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்றியபோது, பங்களித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டியிருந்தது. இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் கதை இன்னும் விசித்திரம். அதன் பழைய உரிமமே தளர்வானதுதான். விளம்பரங்களில் பெயர் குறிப்பிடச் சொல்லும் நிபந்தனைதான் தொல்லையாக இருந்தது. அப்பாச்சி 2.0க்கு மாறப்போவதாக 2015இல் அறிவித்தார்கள். புதிய உரிமத்தோடு 3.0 வெளிவந்தது 2021இல்! உரிமத்தை மாற்றும் அதிகாரம் தரும் ஒப்பந்தத்தைப் பங்களிப்பவர்களிடம் முதலிலேயே வாங்கிவிட்டால் இதைத் தவிர்க்கலாம்தான். ஆனால் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த வந்தவரிடம் சட்டப் படிவத்தை நீட்டினால் அவர் அப்படியே திரும்பிப் போய்விடுவார்.

எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். கட்டளை வரியில் தட்டச்சைக் கையாளும் ரீட்லைன் லைப்ரரி ஜிபிஎல்லில் இருந்ததால்தான் கிளிஸ்ப் என்ற லிஸ்ப் மொழி மென்பொருள் ஜிபிஎல்லுக்கு வந்தது. வேறு எங்கும் கிடைக்காத ஒன்றை நீங்கள் வைத்திருந்தால் கட்டுப்பாடு வேலை செய்யும். மாற்று இருந்தால் ஆட்கள் அங்கே போய்விடுவார்கள். ரீட்லைனுக்கே பிஎஸ்டி உரிமத்தில் லிப்எடிட் என்ற மாற்று வந்துவிட்டது. ஆக் வோர்பிஸ் என்ற ஒலிக்கோப்பு வடிவத்தின் லைப்ரரி 2001இல் எல்ஜிபிஎல்லிலிருந்து பிஎஸ்டிக்கு மாறியபோது ஜிபிஎல்லை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மனே அதை ஆதரித்தார். காப்புரிமைச் (பேட்டன்ட்) சிக்கலில் இருந்த எம்பி3க்குப் போட்டியாக ஒரு வடிவம் பரவ வேண்டும் என்பது அங்கே பெரிய நோக்கம். என் லைப்ரரி செய்கிற வேலையைச் செய்ய ஏற்கெனவே நாலைந்து இருக்கின்றன, ஆகவே எனக்கு அந்தப் பேரம் பேசும் பலம் கிடையாது.

பெரிய நிறுவனம் ஒன்று எடுத்துக்கொண்டு எதையும் திருப்பித் தராமல் போனால்? போகலாம். ஆனால் தனியாக வைத்த திருத்தங்களை ஒவ்வொரு புதுப் பதிப்போடும் மறுபடி பொருத்துவது அவர்களுக்கும் சலிப்பான வேலை. என்னிடம் வந்த பேட்ச்கள் பெரும்பாலும் அப்படிச் சலித்தவர்களிடமிருந்து வந்தவைதான். இது சிறிய லைப்ரரியை வைத்துச் சொல்வது. பிரபலமான ஒன்றை வைத்திருப்பவருக்கு வேறு அனுபவம் இருக்கலாம்.

தளர்வான உரிமங்களில் எம்ஐடியை எடுக்காமல் அப்பாச்சியை எடுத்ததற்குக் காரணம் காப்புரிமை. அப்பாச்சியில் பங்களிப்பவர் தன் காப்புரிமைகளைப் பயன்படுத்தும் அனுமதியை வெளிப்படையாகவே கொடுக்கிறார்; எம்ஐடி அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. வழக்கு, நோட்டீஸ் என்று எதையும் நான் சந்தித்ததில்லை, ஆகவே இதன் பலன் எனக்குக் காகிதத்தில் மட்டுமே தெரியும். ஒரு இடைஞ்சலும் உண்டு: ஜிபிஎல் 2ஐ மட்டுமே ஏற்கும் திட்டங்களோடு அப்பாச்சி 2.0 சேராது, ஜிபிஎல் 3ஓடு சேரும். உங்கள் பயனர்கள் ஜிபிஎல் 2 பக்கம் இருந்தால், ரஸ்ட் உலகில் வழக்கமாகச் செய்வதுபோல, எம்ஐடி அல்லது அப்பாச்சி, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடலாம்.