மதுரை வெயிலில் புது டாட்டூ: பிலிமா, லோஷனா, தேங்காய் எண்ணெயா?

என் முன்கையில் உள்ள மீன் மார்கழியில் குத்தியது. கெண்டைக்காலில் உள்ள ஜல்லிக்கட்டுக் காளை சித்திரையில் குத்தியது. இரண்டுக்கும் ஒரே பராமரிப்புதான் செய்தேன். மீன் ஒரு பொருக்குகூட இல்லாமல் ஆறியது. காளைக்குத் திமில் மட்டும் இன்னும் மங்கலாக இருக்கிறது. குளிர் நாட்டுக்காரர்கள் காணொளியில் சொல்லும் முறையை 40 டிகிரி வெயிலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பது அந்தத் திமிலைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

ஊசி மையை இறக்குவது மேல்தோலுக்குக் கீழே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். அதனால் புது டாட்டூ என்பது ஒரு காயம்தான். மேலே மூடிக்கொள்ள 2 முதல் 4 வாரம் ஆகும், உள்ளே முழுக்க ஆறச் சில மாதங்கள் ஆகும். காயம் வறண்டு வெடிக்கவும் கூடாது, வியர்வையில் ஊறவும் கூடாது. நம் ஊரில் இரண்டாவதுதான் பெரிய தலைவலி.

முதலில் பிலிம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் ஊசியின் மேல் ஒட்டுவார்களே, அந்த வகை மெல்லிய ஒட்டுப் படலம்தான் இது. தண்ணீரையும் கிருமியையும் உள்ளே விடாது, ஆவியை மட்டும் வெளியே விடும். முதல் நாள் ரத்தமும் ஊநீரும் மையும் கலந்து கறுப்பாகத் தேங்கி நிற்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வழக்கமாக ஒரு நாளில் அதை மாற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டிச் சில நாள் விட்டுவைப்பார்கள். மார்கழியில் எனக்கு இது அருமையாக வேலை செய்தது. சட்டையில் ஒட்டவில்லை, தூசி படவில்லை, தினமும் தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

சித்திரையில் நடந்தது வேறு. மூன்றாம் நாள் மதியம் மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு வண்டியில் வந்தேன். ஆவியாகப் போகும் அளவைவிட வியர்வை அதிகமாகிவிட்டது. பிலிமின் ஓரம் சுருண்டு, ரோட்டுத் தூசி உள்ளே போய்விட்டது. அப்போதே கழற்றியிருக்க வேண்டும். நான் ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் வேர்க்குரு போலச் சிவந்த பொரிகள், திமிலின் மேல் தடித்த பொருக்கு. அது உதிர்ந்தபோது மையும் கூடவே போனது. ஓரம் திறந்த பிலிம், பிலிம் இல்லாததைவிட மோசம். கழற்றும்போதும் வெடுக்கென்று இழுக்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெதுவாக உரிக்க வேண்டும். பசை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, சதுர வடிவில் தோல் சிவந்தால் அதுதான் காரணம்.

அடுத்து, திறந்து வைத்து லோஷன் போடுவது. இதில் வேலை அதிகம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் டாட்டூவைத் தொட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை வாசனை இல்லாத சோப்பில் கழுவி, துண்டால் தேய்க்காமல் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி, நன்றாக உலர்ந்த பிறகு வாசனை சேர்க்காத லோஷனை மெல்லியதாகத் தடவ வேண்டும். உள்ளங்கை அளவு டாட்டூவுக்குப் பட்டாணி அளவு லோஷன் தாராளம். பளபளவென்று மினுக்கினால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். தொல்லை பிடித்த முறைதான், ஆனால் வியர்வையை அன்றன்றைக்கே கழுவிவிடலாம் என்பதால் வெயில் காலத்துக்கு என் ஓட்டு இதற்கே.

பெட்ரோலியம் ஜெல்லி தோலை மூடி வைக்கும். வெயிலில் உருகி, தூசியை இழுத்து, வியர்வையை அடியில் அடைத்துவிடும். ஏசி அறையிலேயே இருப்பவர் மிக மெல்லியதாகப் பூசலாம்.

தேங்காய் எண்ணெய்க்கு எங்கள் வீட்டில் பெரிய கட்சி உண்டு. அப்பத்தாவின் கையில் பச்சை இருக்கிறது. விளக்குக் கரியில் குத்தியது, மஞ்சள் அரைத்துப் பூசி ஆற்றியது. “எனக்கெல்லாம் எந்தக் களிம்பு போட்டாக?” என்று அவர் கேட்கும்போது பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கும். ஆனால் கடை மஞ்சள் தூளும் வீட்டுச் செக்கு எண்ணெயும் கிருமி நீக்கியவை அல்ல. திறந்த காயத்தில் அவற்றைப் போட நான் விடமாட்டேன். தோல் உரிந்து முடிந்து, வறட்சி மட்டும் மிஞ்சும்போது இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் சுகமாகத்தான் இருக்கிறது. அப்பத்தா சொன்னதில் ஒன்று முழுக்கச் சரி: “ஆறுற வரைக்கும் கம்மாய்ல எறங்காதடா.” கண்மாய், கிணறு, நீச்சல் குளம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

மருந்துக் கடையில் அரிப்புக்கென்று கேட்டு வாங்கும் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. அது காயம் ஆறுவதையே தாமதப்படுத்தும். ஆன்டிபயாடிக் களிம்பிலும் சிலருக்கு அலர்ஜி வரும். அரித்தால் சொறியாமல், சுத்தமான கையால் லேசாகத் தட்டினால் போதும். சிவப்பு பரவிக்கொண்டே போவது, சீழ், காய்ச்சல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே தோல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

சித்தி மகள் சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் தோளில் குத்திக்கொள்ளலாமா என்று கேட்டாள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், தோல் பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் யார் தோளையும் விடாது. கூட்டத்தில் உரசலும் வெயிலும் வேறு. வேண்டாம்மா என்றேன். இப்போது கார்த்திகையில் நாள் பார்த்திருக்கிறாள். முதல் நாளைக்கு ஒரு பிலிம், மீதி நாளைக்கு ஒரு பாட்டில் லோஷன் என்று முடிவு செய்திருக்கிறோம்.