எந்தப் பிள்ளை கணக்கில் வருகிறது? அமெரிக்கப் பள்ளிகளை அளக்கும் நான்கு அளவுகோல்கள்

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட், கூப்பர்டினோ பக்கம் வீடு தேடும் நம்மவர்கள், வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பள்ளியின் ஸ்கோரைப் பார்த்துவிடுகிறார்கள். 2013 வரை அந்த ஸ்கோர் 800க்கு மேலா கீழா என்பதுதான் பேச்சு. வீட்டு விளம்பரத்திலேயே அதைப் போடுவார்கள். இன்று இணையதளங்கள் தரும் மதிப்பீட்டை வைத்து 10க்கு 8, 10க்கு 9 என்று பேசுகிறோம். எதைக் கூட்டி, எதை விட்டுவிட்டு அந்த எண் வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. பள்ளிக்கு மாநிலம் என்ன இலக்கு வைக்கிறதோ, ஆசிரியரின் கண் அந்தப் பக்கம்தான் போகும். அதனால் எந்த அளவுகோலை எடுத்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதில் எந்தப் பிள்ளையின் முன்னேற்றம் கணக்கில் வருகிறது?

ஒரு சின்ன வகுப்பை வைத்துப் பார்ப்போம். கலிஃபோர்னியாவின் பழைய மாநிலத் தேர்வு பிள்ளைகளை ஐந்து படிகளில் நிறுத்தியது. நம் வகுப்பில் 20 பேர். உச்சிப் படியில் 2, தேர்ச்சிப் படியில் 4, அதற்குக் கீழே 'அடிப்படை'ப் படியில் 6, அதற்கும் கீழே 4, அடிமட்டத்தில் 4. இந்த வகுப்பையே ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்வோம். பாடமும் ஒன்றே ஒன்று, ஆங்கிலம்.

இந்த வகுப்புக்கு இரண்டு விதமான ஆசிரியர்கள் வரலாம். முதலாமவர், தேர்ச்சிக் கோட்டை ஒட்டி நிற்கும் 3 பேரைப் பொறுக்கியெடுத்து, மதிய இடைவேளையிலும் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்து, கோட்டைத் தாண்டவைக்கிறார். மற்ற 17 பேரும் இருந்த இடத்திலேயே. இரண்டாமவர், ஒரு பத்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் அடிமட்டத்துப் பிள்ளைகள் 4 பேரையும் ஒரு படி ஏற்றிவிடுகிறார். யார் பெரிய வேலை செய்தார்? என்னைக் கேட்டால் இரண்டாமவர்தான். அளவுகோல்கள் என்ன சொல்கின்றன?

கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு

2002 ஜனவரியில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட 'நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம் கொண்டுவந்த அளவுகோல் ஏ.ஒய்.பி. (Adequate Yearly Progress, வருஷாவருஷம் போதுமான முன்னேற்றம்). செனட்டர் டெட் கென்னடி போன்ற எதிர்த்தரப்பு ஜனநாயகக் கட்சிக்காரர்களும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம் அது. 3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்பிலும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு தடவையும் தேர்வு. தேர்ச்சிக் கோட்டைத் தாண்டியவர்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் பிரதானக் கேள்வி. அந்தச் சதவீதம் படிப்படியாக ஏறி, 2014இல் 100 ஆகவேண்டும்.

கலிஃபோர்னியா அந்தப் படிக்கட்டை எப்படிக் கட்டியது தெரியுமா? தொடக்கப் பள்ளி ஆங்கிலத்துக்கு இலக்கு முதலில் 13.6 சதவீதம். சில வருஷம் கழித்து 24.4. 2008இல் 35.2. அதற்கு மேல் வருஷத்துக்கு 10.8 புள்ளி: 46, 56.8, 67.6, 78.4, 89.2, கடைசியில் 100. முதல் பாதி சமதரை மாதிரி, இரண்டாம் பாதி செங்குத்து ஏணி. கஷ்டமான பகுதியை எல்லாம் பின்னால் தள்ளிவைத்துவிட்டார்கள்.

நம் வகுப்பைப் பாருங்கள். தொடக்கத்தில் தேர்ச்சி பெற்றவர்கள் 20இல் 6, அதாவது 30 சதவீதம். முதல் ஆசிரியரிடம் அது 45 ஆகிறது. 2008 இலக்கு 35.2, அவர் தாண்டிவிட்டார். இரண்டாம் ஆசிரியரிடம் அதே 30. தோல்வி. சட்டத்தில் ஒரு சலுகை உண்டு: தேர்ச்சி பெறாதவர்களின் பங்கு பத்தில் ஒரு பாகம் குறைந்தால் போதும். ஆனால் இவருடைய வகுப்பில் தேர்ச்சி பெறாதவர்கள் 70 சதவீதம், அது 70ஆகவே நிற்கிறது. அந்தச் சலுகையும் கிடைக்காது. நான்கு பிள்ளைகள் படிக்கக் கற்றுக்கொண்டது இந்த அளவுகோலின் கண்ணில் படவே இல்லை.

ஆசிரியர்களுக்கு இது புரியாமல் இருக்குமா? கோட்டை ஒட்டி நிற்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வட்டாரத்தில் 'பப்பிள் கிட்ஸ்' என்று பெயரே வந்துவிட்டது. டெக்சாஸிலும் சிகாகோவிலும் ஆய்வாளர்கள் இதை நேரிலும் தரவிலும் பார்த்தார்கள். நடுவில் இருப்பவர்களுக்குக் கவனம் கூடியது, அடிமட்டத்தில் இருப்பவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 'ஒரு பிள்ளையும் பின்தங்கக்கூடாது' என்று பெயர் வைத்த சட்டத்தில் இப்படி நடந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது.

இன்னும் மோசமானதும் நடந்தது. அட்லாண்டாவில் விடைத்தாள்களை அழித்துத் திருத்தியதாக 2011இல் வெளிவந்த மாநில விசாரணை அறிக்கை 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 ஆசிரியர்களையும் தலைமை ஆசிரியர்களையும் சுட்டியது. எல்லாவற்றையும் இலக்கின் தலையில் கட்ட முடியாது. ஆனால் எட்ட முடியாத இலக்கும் வேலை போய்விடும் என்ற பயமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

அப்புறம் ஒன்று: தேர்ச்சிக் கோடு எங்கே என்பதை அந்தந்த மாநிலமே வரைந்துகொண்டது. கோட்டைத் தாழ்த்தி வரைந்த மாநிலத்தில் பள்ளிகள் பிரமாதமாகத் தெரிந்தன.

இவ்வளவு குறை சொல்லியும் இந்தச் சட்டத்துக்கு நான் ஒரு நன்றி சொல்வேன். கறுப்பினப் பிள்ளைகள், லத்தீனோ பிள்ளைகள், ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள், ஊனமுற்ற பிள்ளைகள் என்று ஒவ்வொரு பிரிவின் தேர்ச்சியையும் தனித்தனியாக வெளியிட வைத்தது அது. ஒரு பிரிவு தவறினாலும் பள்ளியே தவறியதாகக் கணக்கு. ஒவ்வொரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேர்வு எழுதியாகவும் வேண்டும். தேறாத பிள்ளையைத் தேர்வு நாளன்று வீட்டில் இருக்கச் சொல்ல முடியாது. அதுவரை பள்ளியின் நல்ல சராசரிக்குப் பின்னால் ஒளிந்திருந்த பிள்ளைகள் அன்றுதான் வெளியே தெரிந்தார்கள்.

800 என்ற மந்திர எண்

ஏ.ஒய்.பி. வருவதற்கு முன்பே, 1999 சட்டத்தின் மூலம் கலிஃபோர்னியா சொந்தமாக ஒரு அளவுகோல் வைத்திருந்தது: ஏ.பி.ஐ. (Academic Performance Index, கல்வித் திறன் குறியீடு). 200 முதல் 1000 வரை ஒரு எண். ஒவ்வொரு பள்ளியும் 800ஐ எட்டவேண்டும்.

இதன் அழகு உள்ளே இருக்கும் கணக்கில்தான். உச்சிப் படிப் பிள்ளைக்கு 1000, தேர்ச்சிக்கு 875, அடிப்படைக்கு 700, அதற்குக் கீழே 500, அடிமட்டத்துக்கு 200. இடைவெளிகளைக் கவனியுங்கள். அடிமட்டத்திலிருந்து ஒரு படி ஏற்றினால் 300 புள்ளி. கோட்டை ஒட்டி நிற்பவரைத் தேர்ச்சிக்கு ஏற்றினால் 175தான். தேர்ச்சியிலிருந்து உச்சிக்கு 125. யார் கீழே இருக்கிறார்களோ அவர்களைத் தூக்கினால்தான் லாபம் அதிகம் என்று யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

நம் வகுப்பின் தொடக்க ஸ்கோர் 625. வருஷ இலக்கு, 800க்கு உள்ள தூரத்தில் 5 சதவீதம். அதாவது ஏறக்குறைய 9 புள்ளி. முதல் ஆசிரியர் 651க்குக் கொண்டுபோகிறார். இரண்டாமவர் 685க்கு! ஏ.ஒய்.பி.யில் தோற்றவர் ஏ.பி.ஐ.யில் இரண்டு மடங்குக்கு மேல் ஜெயிக்கிறார். இப்படி மாநில இலக்கை எட்டிய பள்ளியே அதே வருஷம் மத்திய இலக்கில் தவறி நின்றது அன்றைய கலிஃபோர்னியாவில் சாதாரணம். பெற்றோர் எதை நம்புவார்கள்?

ஏ.பி.ஐ.யின் குறை, எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடைத்தது. அந்த எண் பள்ளியின் உழைப்பைவிட அந்தத் தெருவின் வருமானத்தைத்தான் அதிகம் சொன்னது. பெற்றோர் இருவரும் பட்டதாரிகளாக இருக்கும் ஊரில் பள்ளி பெரிதாக மெனக்கெடாமலே 900ஐத் தொடும். 2013க்குப் பிறகு அதை நிறுத்திவிட்டார்கள்.

எங்கிருந்து எங்கே?

மூன்றாவது வழி, அதே பிள்ளையைப் போன வருஷத்தோடு ஒப்பிடுவது. டென்னசியில் வேளாண் துறைக்குப் புள்ளியியல் பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் சாண்டர்ஸ், கால்நடை இனவிருத்திக்குப் பயன்பட்ட கணக்கு முறையை மாணவர் மதிப்பெண்ணுக்குக் கொண்டுவந்தார். 1992இல் அது மாநிலச் சட்டத்திலேயே ஏறியது. கொலராடோ பிறகு இன்னொரு வழி கண்டது. இதுவரை உங்கள் பிள்ளை மாதிரியே மதிப்பெண் வாங்கிவந்த பிள்ளைகள் மாநிலம் முழுக்க எத்தனையோ பேர். அவர்களில் எத்தனை சதவீதத்தினரை இந்த வருஷம் உங்கள் பிள்ளை முந்தியது? 70 என்று வந்தால் 70 சதவீதத்தினரை. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளின் இந்த எண்ணையும் வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால், அதுதான் பள்ளியின் வளர்ச்சி.

இங்கே நம் இரண்டாம் ஆசிரியரின் உழைப்பு முழுசாகத் தெரியும். முதல் ஆசிரியர் கவனிக்காமல் விட்ட 17 பேரும் தெரிவார்கள், உச்சியில் சும்மா உட்கார்ந்திருந்த 2 பேர் உட்பட. ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் நாடு முழுவதும் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரி மதிப்பெண் குடும்ப வசதியோடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. வளர்ச்சிக்கோ வசதியோடு அவ்வளவு தொடர்பு இல்லை. வெறும் சராசரியை வைத்து எல்லாரும் கைவிட்டிருந்த சிகாகோவில், மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பிள்ளைகள் ஐந்து வருஷத்தில் ஏறக்குறைய ஆறு வருஷப் படிப்பு வளர்ந்திருந்தார்கள். சராசரி எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

குறைகளும் லேசானவை அல்ல. கணக்கு சிக்கலானது, ஒரு பெற்றோர் பேப்பரும் பேனாவும் வைத்துச் சரிபார்க்க முடியாது. சின்னப் பள்ளியில் நாலு பிள்ளைகள் மாறினால் எண் குதிக்கும். தேர்வே மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குவதால், படிக்கக் கற்றுக்கொடுக்கும் முதல் வகுப்பு ஆசிரியரின் வேலை இதில் வரவே வராது. பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுவதால், மாநிலம் முழுக்கப் படிப்பு பின்வாங்கினாலும் மாநிலத்தின் நடு எண் 50இலேயே நிற்கும். இதை வைத்துத் தனி ஆசிரியருக்கு மார்க் போட்டது பெரிய தவறு. மதிப்பெண் வித்தியாசத்தில் 1 முதல் 14 சதவீதம் வரைதான் ஆசிரியரால் வருவதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2014இல் எச்சரித்தது.

வண்ணப் பலகை

2015இல் சட்டம் மாறியது. 100 சதவீதக் கனவு போய், தேர்வோடு வேறு விஷயங்களையும் சேர்த்துப் பார்க்க மாநிலங்களுக்கு வழி பிறந்தது. கலிஃபோர்னியா 2017இல் டாஷ்போர்டு கொண்டுவந்தது: சிவப்பிலிருந்து நீலம் வரை ஐந்து வண்ணங்கள். ஆங்கிலம், கணக்கு, அடிக்கடி பள்ளிக்கு வராதவர்கள், இடைநீக்கம், பட்டம் பெறுவோர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வண்ணம். மொத்த எண் கிடையாது.

தேர்வைக் கணக்கிடும் விதம் எனக்குப் பிடிக்கும். புதிய மாநிலத் தேர்வில் மூன்றாம் வகுப்பு ஆங்கிலத்துக்குத் தேர்ச்சிக் கோடு 2432 மதிப்பெண். 2402 வாங்கிய பிள்ளைக்குக் கழித்தல் 30, 2452 வாங்கியவருக்குக் கூட்டல் 20. இப்படி எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். அடிமட்டத்துப் பிள்ளை 15 புள்ளி ஏறினாலும் கணக்கில் வருகிறது. ஆனால் 'மாற்றம்' என்று காட்டுவது போன வருஷத்துப் பள்ளியையும் இந்த வருஷத்துப் பள்ளியையும்; பிள்ளைகள் அதே பிள்ளைகள் அல்ல. கோவிட்டுக்குப் பிறகு ஒப்பிட முந்தைய வருஷமே இல்லாததால், 2022இல் வண்ணத்துக்குப் பதில் செல்போன் சிக்னல் மாதிரிக் கோடுகள் போட்டார்கள். ஐந்தாறு வண்ணங்களைப் பார்த்துவிட்டு 'சரி, பள்ளி நல்லதா இல்லையா?' என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்விதான்.

எதை எடுப்பேன்?

பள்ளியைத் தண்டிக்கவோ பாராட்டவோ ஒன்றைத்தான் எடுக்கவேண்டும் என்றால், மூன்று வருஷச் சராசரியாக எடுத்த வளர்ச்சியைத்தான் எடுப்பேன், அதையும் பிரிவு பிரிவாகப் பிரித்து. எங்கே உதவி போகவேண்டும் என்று முடிவு செய்ய டாஷ்போர்டு நல்லது, ஏனென்றால் வளர்ந்தும் இன்னும் படிக்க முடியாத பிள்ளை அதில்தான் தெரியும். ஏ.பி.ஐ.யின் அந்த 300 புள்ளி யோசனையை எங்காவது திரும்பக் கொண்டுவந்தால் சந்தோஷப்படுவேன். தேர்ச்சி சதவீதத்தை மட்டும் வைத்துப் பள்ளிக்குப் பெயர் சூட்டுவதை இனி யாரும் செய்யக்கூடாது.

வீடு தேடுகிறவர்களுக்கு: 10க்கு எத்தனை என்று பார்த்ததும் மூடிவிடாதீர்கள். டாஷ்போர்டில் அந்தப் பள்ளியைத் திறந்து, ஆங்கிலம் கற்பவர்கள், வசதி குறைந்தவர்கள் என்ற பிரிவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். அப்புறம் பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது, பின்தங்கிய பிள்ளைகளோடு தினமும் யார் உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று பிரின்சிபலிடம் கேளுங்கள்.